ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி

ஓடிப்போகவில்லை. முதலில் அந்தப் பேச்சை நிறுத்துங்கள். ஓடிப்போகிறவள் இருட்டில் போவாள், பின்பக்கமாகப் போவாள், மூலையில் ஒருவன் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிற்பான். என் மருமகள் பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, தெரு முழுக்கப் பார்க்க நடந்து போனாள். பார்த்தவர்களில் நீயும் ஒருத்தி என்று மேல்வீட்டுக்காரியின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"நான் என்னத்தக் கண்டேன் பெரியம்மா? ஊரு சொல்லுது, நானும் சொன்னேன்."

"ஊருக்கு வாய் உன் பால்கனியிலதானே இருக்கு!"

"கடையக் கொளுத்திட்டுப் போனவளுக்கு இவ்வளவு வக்காலத்தா? எனக்கும் ஒரு மாமியார் இருந்தாங்க. குழம்புல உப்பு கூடிப்போனதுக்கே என்னை வாசல்ல நிக்க வச்சாங்க."

"உன் குழம்பச் சாப்பிட்ட யாரும் உன் மாமியார்மேல தப்பு சொல்லமாட்டாங்க. போ உள்ள."

அவள் போய்விட்டாள். போனாலும் பேச்சு போகாது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை. என் மருமகள் எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

என் மருமகளுடைய அப்பா லாரிகளுக்கு வயரிங் செய்கிறவர். தாயில்லாத பிள்ளையை வீட்டில் விட முடியாமல் பட்டறைக்குக் கூட்டிப்போவார். மற்ற பிள்ளைகள் பொம்மையோடு தூங்கினால், இவள் லாரிக்கு அடியில் படுத்து, எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணத்தன்றுகூட அவள் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "மருமகளக் கூட்டிட்டு வர்றியா, மெக்கானிக்கக் கூட்டிட்டு வர்றியா?" என்றாள். மெக்கானிக்காக இருந்தால் என்ன, வீட்டில் மிக்ஸி ஓடினால் சரி என்றேன். அன்றிலிருந்தே அவளுக்கு நான் வக்கீல்தான்.

எங்கள் தெருவில் விளக்கு வைக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். எப்போது வரும் என்று கேட்டால் கரண்ட் ஆபீஸ்காரனுக்கே தெரியாது. கடைக்காரர்கள் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவள் ஒரு நாள் ஒரு பேட்டரியைத் தூக்கி வந்து, சமையலறை அலமாரிக்கு அடியில் ஒரு ஸ்ட்ரிப் லைட்டை ஒட்டினாள். விரல் அகலத்தில் ரிப்பன் மாதிரி நீளமான பட்டை; சுருளாகச் சுற்றி வரும். அதில் கடுகு கடுகாக விளக்குகள். பொத்தானை அழுத்தினாள். அரிசியில் கிடந்த கல் எனக்குக் கண்ணாடி போடாமலே தெரிந்தது.

எதிரே கடை வைத்திருந்த தையல்காரிதான் அதை முதலில் பார்த்தவள். "எனக்கும் ஒண்ணு போட்டுக்குடுடி. கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டி ஓட்டி என் கண்ணு வெளிய வந்துடும்போல இருக்கு" என்றாள். அவள் கணவனை இழந்தவள். யாரையும் அண்டாமல் அந்த ஒரு மெஷினை வைத்துப் பிழைத்தவள். பெண்பிள்ளைக்கு வயர் வேலை தெரியுமா என்று தெருவே யோசித்தபோது, அவளே ஸ்டூலைப் போட்டு, அவளே கையைப் பிடித்து மருமகளை ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகுதான் இஸ்திரிக்காரர் கேட்டார், முடிவெட்டுகிறவர் கேட்டார், மருந்துக்கடைக்காரர் கேட்டார். மருமகள் தனியாகப் போய் ஆண்கள் கடையில் ஏறி நின்றால் பேசுவார்களே என்று நானும் கூடப் போனேன். பேசாமலா இருந்தார்கள்? மாமியாரை ஸ்டூல் பிடிக்க வைத்துவிட்டாள் என்று பேசினார்கள்.

ஸ்டூல் பிடித்ததில் எனக்கும் கொஞ்சம் தெரிந்தது. எழுத்துத் தெரியாதே தவிர, சிவப்பும் கறுப்பும் தெரியும். முடிவெட்டுகிறவர் ஒரு தரம், "சுருளோடயே ஒரு தடவை போட்டுக் காட்டும்மா, எப்படி எரியுதுன்னு பாக்கலாம்" என்று அவசரப்பட்டார்.

"சுருட்டி வச்சே எரிய விட்டா சூடு உள்ளயே நின்னுடும் அண்ணே. பிரிச்சு ஒட்டினப்புறம் பாருங்க. கல்யாணப் பொண்ணா, இப்பவே முகத்தப் பாக்கணுங்கறதுக்கு?" என்றாள் மருமகள்.

மருந்துக்கடைக்காரருக்கு வேறு அவசரம். பேட்டரிக்கும் பட்டைக்கும் நடுவில் இவள் மாட்டுகிற அந்தச் சின்னப் பெட்டி எதற்கு, நேரே பேட்டரியில் மாட்டிவிடேன் என்றார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது பதினாலைத் தாண்டும், பன்னிரண்டுக்கென்று செய்த பட்டை தினமும் அதைத் தாங்காது, சூடேறிச் சீக்கிரம் செத்துப்போகும், அந்தப் பெட்டி நடுவில் நின்று அளவாக அனுப்பும் என்று இவள் விளக்கினாள். பேட்டரியை மூடின அலமாரிக்குள் வைக்கவும் விடமாட்டாள். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வாயு வரும், காற்று வேண்டும் என்பாள். எல்லாவற்றையும்விடப் பிடிவாதம் ஃபியூஸில்தான். பேட்டரியின் சிவப்பு முனையிலிருந்து கம்பி கிளம்பியதுமே ஒரு ஃபியூஸ்; அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

"எதுக்கும்மா அதுக்கு அவ்வளவு மரியாதை?" என்று கேட்டேன்.

"அத்தை, சுவத்துல வர்ற கரண்ட் தொட்டா அடிக்கும். அதனால எல்லாருக்கும் அதுமேல பயம். இந்தப் பேட்டரி தொட்டா ஒண்ணும் பண்ணாது. அதனால யாருக்கும் பயம் இல்ல. ஆனா சிவப்பும் கறுப்பும் எங்கயாவது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சுன்னா, தன்கிட்ட இருக்கறது அத்தனையும் ஒரே மூச்சுல கொட்டிடும். கம்பி பழுத்துடும். அதுக்கு முன்னாடி இந்த ஃபியூஸ் செத்துடணும். சாகறதுக்குன்னே வச்சது இது."

இப்போது என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவனும் கொஞ்சம் வயரிங் தெரிந்தவன். பல வருஷம் அலைந்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எலக்ட்ரிக்கல் பிரிவில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நீலச் சட்டை கொடுத்தார்கள். அதை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டி, வருகிற போகிறபோதெல்லாம் தொட்டுப் பார்ப்பான். வீட்டில் ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது: புது வேலையெல்லாம் மருமகள் செய்வாள், புகார் வந்தால் மகன் போவான். "போட்டவளே வந்து பார்த்தா, போட்டது சரியில்லன்னு ஆயிடும். வேற ஆள் வந்து பார்த்தாத்தான் கம்பெனி மாதிரி இருக்கும்" என்று அவனே வைத்த சட்டம் அது. அவளும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். அன்றைக்கு அது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

தையல்காரி சுவரோரம் ஓர் இரும்பு ரேக் வாங்கிப் போட்டாள். துணி உருளைகளை அதில் அடுக்குவாள். அதற்கப்புறம் அவள் கடையில் அடிக்கடி ஃபியூஸ் போக ஆரம்பித்தது. மகன் வேலை முடிந்து, களைத்து வந்து, சாப்பிட உட்காரும்போதுதான் போன் வரும். போய் மாற்றிவிட்டு வருவான். மறுபடி போகும். மறுபடி மாற்றுவான். ஒரு சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"இனிமே அந்தக் கடையிலேருந்து போன் வராது பாரு."

மருமகள் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"பார்த்தேன், பார்த்தேன்."

"ரேக்குக்குப் பின்னாடி பார்த்தீங்களா? வயர் அந்த வழியாத்தான் போகுது."

"உன் வயரு தங்கம். நான் பார்த்தேங்கறேன்ல? சோத்தப் போடு."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் நானே ஒரு எட்டு போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அவன் விறைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலேயே என்னை நம்பி வேலை கொடுத்திருக்கிறார்கள், வீட்டில் நம்பிக்கை இல்லை என்றான். அவள் விட்டுவிட்டாள். புருஷன் பார்த்தேன் என்று சொன்னதை நம்பினாள். அவள் செய்த தவறு என்று நீங்கள் எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், இதை எழுதிக்கொள்ளுங்கள்.

போன் வரவில்லை. அவன் சொன்னது உண்மைதான். பிறகு ஒரு நாள், விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போய், எல்லாக் கடையிலும் எங்கள் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தபோது, எதிரே தையல்காரி கத்தினாள். ரேக்குக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணி மூட்டை எரிந்தது. அதிலிருந்து மெஷினில் மாட்டியிருந்த துணி பற்றிக்கொண்டது. அந்த மனுஷி வெளியே ஓடி வந்திருக்கலாம். மெஷின் போய்விட்டால் தானும் போனாற்போல என்று, எரிகிற துணியை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்தாள். ஆட்கள் தண்ணீர் கொண்டுவந்து அணைத்தார்கள். மெஷின் கறுத்துப்போய் நின்றது. அவள் வலது கை வெந்துவிட்டது.

மறுநாள் காலையில் மருமகள் அந்தக் கடைக்குள் போனாள். நான் வாசலில் நின்றேன். அவள் அழவில்லை. குனிந்து சுவரோரமாகக் கம்பி போன வழியெல்லாம் பார்த்தாள். ரேக்கின் இரும்பு விளிம்பு கம்பியை நசுக்கியிருந்தது. உருளையை உள்ளே தள்ளும்போதெல்லாம் அந்த விளிம்பு தேய்த்துத் தேய்த்து, மேல்தோல் போய், உள்ளே செம்பு தெரிந்தது. அதனால்தான் ஃபியூஸ் போயிருக்கிறது. போகத்தான் வேண்டும், அதற்குத்தானே வைத்தது. பிறகு பேட்டரிப் பக்கம் வந்து, ஃபியூஸ் இருக்கிற கூட்டைத் திறந்தாள். உள்ளே ஃபியூஸ் இல்லை. தடித்த செம்புக் கம்பியை வெட்டி, முறுக்கி, இரண்டு முனையும் சேரும்படி சொருகியிருந்தது.

அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மகன் டீ குடித்துக்கொண்டிருந்தான். டீ டம்ளருக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

அவன் பார்த்தான். டம்ளரைத் தள்ளி வைத்தான். பிறகு, "தினமும் கூப்பிட்டா நான் என்ன பண்றது?" என்றான்.

"செத்துப்போற ஃபியூஸ சாகாதபடி பண்ணிட்டீங்களே."

"ஒரு வாரம் ஓடட்டும், லீவு நாள்ல நிதானமாப் பார்த்துக்கலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன். கொல்லணும்னா பண்ணினேன்?"

"இல்ல. அதச் சொல்லிடுங்க. தையல்கார அக்காகிட்டப் போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா? ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சா? ஃபியூஸ் இருக்கற இடத்துல கம்பி போட்டவன அங்க ஒரு நிமிஷம் வச்சிருப்பாங்களா?"

நான் நடுவில் புகுந்தேன். "டேய், அவ கை வெந்து கிடக்கா. எந்திரிச்சுப் போய்ச் சொல்லு."

"அம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சும்மா இரு." சொல்லிவிட்டு அந்தக் கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். கை கழுவுவதுபோல வெளியே போய்ச் சாக்கடையில் போட்டான். போட்டதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

தெருவில் அவன் சொன்னது வேறு. "நான் ஃபியூஸ்தான் மாத்தினேன். கம்பி போன வழி சரியில்ல. அது என் வீட்டுக்காரி போட்டது" என்றான். நீலச் சட்டை போட்டுக்கொண்டு சொன்னான். ஆஸ்பத்திரிக்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

முதலில் இஸ்திரிக்காரர் வந்தார், பேட்டரியையும் பட்டையையும் சாக்கில் போட்டுக்கொண்டு. "தப்பா எடுத்துக்காதம்மா. நல்லாத்தான் எரிஞ்சுது. என் வீட்டுக்காரிக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

"இது எரியாது அண்ணே. ஃபியூஸ் இருக்கு. நானே வச்சது, திறந்து பாருங்க."

"அங்கயும் ஃபியூஸ் இருக்குன்னுதானேம்மா சொன்ன?"

உண்மையைச் சொன்னால் புருஷனைச் சொல்ல வேண்டும். சாக்கை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு முடிவெட்டுகிறவர் வந்தார். மருந்துக்கடைக்காரர் வரக்கூட இல்லை. பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டார். கரண்ட் போனால் தெருவில் மறுபடி மெழுகுவத்தி. துணிக்கு நடுவிலும் காகிதத்துக்கு நடுவிலும் நெருப்பை ஏற்றி வைத்துக்கொண்டு, அப்பாடா, இனிமேல் பயமில்லை என்று உட்கார்ந்திருந்தார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. மருந்துக்கடை வாசலில் நாலு பேர் இருக்கும்போது போய் நின்று சொன்னேன்: கம்பியைச் சொருகினது என் மகன், என் கண் முன்னால் ஒத்துக்கொண்டான், என் கண் முன்னால் சாக்கடையில் போட்டான். சிரித்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பெத்த மகனக் குடுத்து மருமகளக் காப்பாத்தற மாமியார இப்பத்தான் பாக்கறேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அந்தக் கம்பியக் காட்டுங்க பெரியம்மா, பாப்போம்" என்றார் முடிவெட்டுகிறவர்.

"சாக்கடையில கிடக்கு."

"சரி சரி. வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க."

போனேன். வேறு என்ன செய்வது? சாக்கடையில் கையை விட்டும் பார்த்தேன். மேல்வீட்டுக்காரி அதையும் பார்த்துவிட்டாள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அன்றைக்கே தெருக்கோடி வரைக்கும் போய்விட்டது. அதற்கப்புறம் நான் வாயைத் திறந்தாலே பாவம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"நீயே சொல்லிடேம்மா" என்று மருமகளிடம் கெஞ்சினேன்.

"நான் சொன்னா புருஷன்மேல பழியப் போடறேம்பாங்க அத்தை. அவர் சொன்னாத்தான் அது நடந்ததா ஆகும். தெருவுக்கெல்லாம் வேண்டாம். அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும். என்னை முதல்ல நம்பினவங்க அவங்க."

அதையே அவனிடமும் கேட்டாள். வேலை போகாது, அக்கா வெளியே சொல்லமாட்டார்கள், நான் கேட்டுக்கொள்கிறேன், ஒரு வார்த்தை, அவர்களிடம் மட்டும். அவன் சரி என்றான். அவள் தலைமேல் கை வைத்துச் சரி என்றான். நான் சாட்சி. அன்றைக்கு அவள் கொஞ்சம் சாப்பிட்டாள்.

தையல்காரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகனுக்கு லீவு நாள். வெயில் ஏறின நேரம். வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. அதற்கு வெளியே தெரிந்த விரல்கள் மடங்கினபடியே நின்றன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கத்தரிக்கோல் பிடிக்க முடியலடி" என்றாள் மருமகளைப் பார்த்து. "இனிமேலும் வராதுன்னுட்டாங்க. அது என் தலையெழுத்து, விடு. உன்ன நான்தான் ஸ்டூல்ல ஏத்தி விட்டேன். நாலு பேருகிட்ட நான்தான் சொல்லி அனுப்பினேன். எனக்கு ஒண்ணு தெரியணும். நீ செஞ்சதுல தப்பு இருந்துச்சா? இல்லன்னு சொல்லு, நம்பறேன். ஊரு என்ன வேணாச் சொல்லட்டும்."

மருமகள் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. இல்லை என்று அவளே சொல்லியிருக்கலாம். ஆனால் முழுசாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தாள். அதற்குத்தானே அவன் சத்தியம் பண்ணியிருந்தான். "அவரக் கேளுங்கக்கா" என்றாள்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தோம். அவன் நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து நின்றான். மரியாதையாகத்தான் நின்றான்.

"அக்கா, வேலைன்னா யாருக்கும் ஒரு சமயம் தப்பு நடக்கும். அவளுக்கும் நடந்துடுச்சு. வேணும்னு பண்ணல. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பொய் சொன்னான் என்பதைவிட, அவளுக்காக மன்னிப்புக் கேட்டானே, அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

தையல்காரி மருமகளைப் பார்த்தாள். இவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுத்துச் சொல்வாள் என்று அந்த மனுஷி காத்திருந்தாள். நான் கத்தினேன். "இவன்தான் பண்ணினான்! இவன்தான் கம்பியச் சொருகினான்! என் பிள்ளைடி, நான் சொல்றேன்!"

அவள் நல்ல கையை என் தோளில் வைத்தாள். "பெரியம்மா, உங்கள மாதிரி ஒரு மாமியார் எனக்கு வாய்க்கல" என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல், "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மருமகள் உள்ளே போனாள். துணிமணிகளை ஒரு பைக்குள் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் அப்பா செத்து, பட்டறையை இடித்து அங்கே வேறு கட்டிடம் வந்துவிட்டது. போக இடம் இல்லாதவள் எங்கே போவாள் என்ற தைரியத்தில் மகன் மறுபடி உட்கார்ந்து ஊசியை எடுத்தான். பையோடு அவள் வெளியே வந்தபோதுதான் எழுந்தான்.

"எங்க கிளம்பிட்ட? இதுக்குப் போயா? ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க."

அவள் அவனைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள். நான் அவளுடைய டூல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். இடுக்கி, மீட்டர் எல்லாம் அதில்தான் இருந்தது.

"இத எடுத்துக்கம்மா. எங்க போனாலும் சோறு போடும்."

"யாரு அத்தை என்னை வயரத் தொட விடுவாங்க? வேண்டாம்."

"எங்கதான் போற? அதையாவது சொல்லிட்டுப் போ."

"தெரியல அத்தை."

போகாதே என்று எனக்குச் சொல்ல வரவில்லை. எதைக் காட்டி இரு என்பேன்? கதவை நான்தான் திறந்தேன். மேல்வீட்டுப் பால்கனியிலும் கடை வாசல்களிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். வெளியிலிருந்து உள்ளே வருகிறவர்கள்தான் வாசல் கால்மிதியில் காலைத் துடைப்பார்கள். அவள் படியிறங்கும் முன் நின்று, ஒரு காலைத் துடைத்தாள், மறு காலையும் துடைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.